கதவோரத்து நாற்காலி

புரபேஷன் அலுவலகத்தின் நேர்காணல் அறையில் கதவுக்குப் பக்கத்து நாற்காலி அதிகாரிக்கு. அதற்காக எதிரே உட்காருபவரை மூலையில் அடைத்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. தப்ப வழியில்லாதவன்தான் முதலில் பாய்வான். இருவருக்கும் கதவு கண்ணில் பட வேண்டும். அதிகாரிக்கு அது ஓரடி கிட்டத்தில் இருக்க வேண்டும். கிழக்கு லண்டனில் சுமார் முப்பது ஆண்டுகள் புரபேஷன் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர், தன் தொழிலைப் பற்றிக் கேட்டால் இங்கேதான் தொடங்குகிறார். சட்டம், தண்டனை, மறுவாழ்வு எல்லாம் பிறகுதான்.

பெயர் போட வேண்டாம் என்கிறார். அவரிடம் வந்து போனவர்கள் இன்னமும் அதே வட்டாரத்தில் குடியிருக்கிறார்கள். கடைத்தெருவில் கண்டால் சிலர் தலையாட்டுவார்கள், சிலர் காணாத மாதிரிப் போவார்கள். அவர்கள் ஆட்டினால்தான் இவர் ஆட்டுவார். கூட வருகிற மனைவிக்குப் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும் என்றில்லையே.

சிறைக்குப் பதிலாகச் சமூகத்திலேயே தண்டனையைக் கழிப்பவர்களும், சிறைக்காலத்தின் மிச்சத்தை நிபந்தனையோடு வெளியே கழிப்பவர்களும் இப்படி ஓர் அதிகாரியிடம் வந்து முகம் காட்ட வேண்டும் என்பது இங்கிலாந்தில் பழைய ஏற்பாடு. 1876இல் ஹெர்ட்ஃபர்ட்ஷரைச் சேர்ந்த ஃபிரெடரிக் ரெய்னர் என்ற அச்சுத் தொழிலாளி, குடித்துவிட்டு நீதிமன்றத்துக்கும் சிறைக்குமாக அலைகிறவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பினார். அதிலிருந்து லண்டன் சதர்க் நீதிமன்றத்துக்கு ஒரு ஊழியர் போனார். பழைய படைவீரரான ஜார்ஜ் நெல்சன். 1907இல் சட்டம் வந்தது. ஆலோசனை சொல்வது, உதவுவது, நண்பனாக இருப்பது என்று மூன்று கடமைகளை அதிகாரிக்கு அது விதித்தது. எங்கே உட்கார்ந்து என்பதைச் சட்டம் சொல்லவில்லை. நீதிமன்றத் தாழ்வாரத்திலும் குற்றவாளியின் வீட்டு அடுப்படியிலும் அந்த வேலை தொடங்கிற்று.

1990களின் தொடக்கத்தில் அவர் சேர்ந்த அலுவலகம் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் கீழ்த்தளம். நேர்காணல் அறைகள் நாலைந்து. சுவர் நெடுக இடுப்பு உயரத்தில் கறுப்பு ரப்பர் பட்டை ஓடும். எந்த இடத்தில் அழுத்தினாலும் வரவேற்பறையில் மணி அலறும். கதவில் ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி. வெளியே நிற்பவருக்கு உள்ளே நடப்பது தெரியும், பேச்சு கேட்காது. அந்த நாளில் அறைக்குள் சிகரெட் பிடிக்கலாம். கனத்த கண்ணாடிச் சாம்பல் கிண்ணம் ஒன்று ஒருநாள் சுவரில் மோதி உடைந்ததும், அடுத்த வாரமே தகரக் கிண்ணங்கள் வந்துவிட்டன. வருகிறவர்களுக்குத் தேநீர் உண்டு, ஆறவிட்டுத்தான் கொடுப்பார்கள். கொதிக்கிற தேநீர் முகத்துக்கு வந்த கதை எல்லா அலுவலகங்களிலும் ஒன்றாவது இருக்கும்.

நடுவில் மேசை வேண்டுமா என்பதில் அதிகாரிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி. மேசை இருந்தால் பாதுகாப்பு என்பார்கள் சிலர். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பொலிஸ் மாதிரிப் பார்ப்பான், வாயைத் திறக்க மாட்டான் என்பார்கள் மற்றவர்கள். இவர் இரண்டாவது கட்சி. ஓரமாக ஒரு சின்ன முக்காலி, அதில் கோப்பு. அவ்வளவுதான் அவருடைய அறை.

அமைச்சர்கள் பொதுமக்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது காலில் கட்டும் மின்பட்டி, ஜிபிஎஸ், பாலியல் குற்றவாளிகளுக்குப் பொய் கண்டறியும் சோதனை என்று கருவிகளை அடுக்குவார்கள். அவருக்கு அவற்றின்மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் ஓர் ஆளால் வரக்கூடிய ஆபத்தைப் பற்றிய நல்ல தகவல் பெரும்பாலும் அந்த ஆளின் வாயிலிருந்தே வருகிறது என்பது அவர் கண்டது. அது வருகிற அறை எப்படிப்பட்டது என்பதில்தான் அவருக்கு அக்கறை.

ஓர் உதாரணம் சொல்கிறார். மனைவியை அடித்துச் சிறைக்குப் போய் வந்த ஒருவன். மனைவி வீடு மாறிவிட்டாள். அந்தப் பகுதிக்கே அவன் போகக் கூடாது என்பது நிபந்தனை. வாரம் தவறாமல் வருவான், நேரத்துக்கு வருவான், வேலை தேடுகிற கதை சொல்வான். ஒருநாள் முக்கால் மணி நேரம் பேசி முடித்து, கோட்டை மாட்டிக்கொண்டே, “அவளுக்கு இப்ப வேற ஆள் இருக்கு” என்றான். இவர் எழுந்திருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார். யாரோ சொன்னார்கள் என்றான். பிறகு, நீல நிறக் கார் என்றான். பிறகு அதன் எண்ணின் கடைசி மூன்று எழுத்துகளைச் சொன்னான். யாரோ சொல்லிக் காரின் எண் மனத்தில் நிற்காது. தெருவில் நின்று பார்த்தவனுக்குத்தான் நிற்கும். அன்று மாலைக்குள் பொலிஸின் குடும்ப வன்முறைப் பிரிவுக்குத் தகவல் போயிற்று, மனைவிக்கு எச்சரிக்கை போயிற்று, அவன் திரும்பச் சிறைக்குப் போனான்.

அந்த மூன்று எழுத்துகள் எந்தப் படிவத்திலும் கிடைத்திருக்காது. கதவு சாத்தியிருந்தது, அவசரமில்லை, அடுத்த ஆள் காதில் விழாது. அதனால் வந்தன.

அலுவலகத்தில் ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது வரவேற்பு மேசைக்காரர்தான் என்கிறார். அவருடைய அலுவலகத்தில் அந்த வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவர் வெள்ளைக்கார அம்மா ஒருவர். படிப்பு பெரிதாக இல்லை. யார் குடித்திருக்கிறான், யார் தூங்கவில்லை, யாருடைய கை சட்டைப்பைக்குள்ளேயே இருக்கிறது என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிடுவார். ஒரு இளம்பெண் வாராவாரம் வருவாள். கடையில் திருடிய வழக்கு. அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஓர் ஆள் எதிரே காத்திருப்பான். அறைக்குள் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருப்பாள். இருபது நிமிடம் தாண்டினால் அவன் ஹார்ன் அடிக்கிறான் என்று கவனித்துச் சொன்னது வரவேற்பு அம்மாதான். கடிகாரத்தை அவளுக்குப் பின்பக்கச் சுவருக்கு மாற்றியதில் ஒன்றும் பிரயோசனம் இல்லை. ஹார்ன் காதில் விழுகிறதே! கடைசியில், ஆண்கள் நுழைய முடியாத ஒரு பெண்கள் நிலையத்துக்கு அவளுடைய சந்திப்பை மாற்றினார்கள். அங்கே பயிற்சி வகுப்பு ஒன்று மூன்று மணி நேரம் என்று கடிதம் போயிற்று. வகுப்பும் உண்மைதான், அதன் நடுவில்தான் அவள் பேசினாள். யாருக்காகத் திருடினாள் என்பது அன்றுதான் தெரிந்தது.

2007இல் ஜீன் கோர்ஸ்டன் அம்மையார் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, குற்றம் செய்த பெண்களை ஆண்களுக்காகக் கட்டிய அமைப்புக்குள் திணிக்காதீர்கள், அவர்களுக்குத் தனி நிலையங்கள் வேண்டும் என்று சொன்னது. அறிக்கை வந்த பிறகு பல ஊர்களில் அப்படிப்பட்ட நிலையங்களுக்குப் பணம் வந்தது. பிறகு குறைந்தது. அதை அவர் ஒரு பெருமூச்சோடு கடந்துவிடுகிறார்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். அவர் சேரும்போதே அதற்குக் கடுமையான விதிகள் வந்துவிட்டிருந்தன. 1986இல் லண்டன் ஃபுல்ஹாமில் சூசி லாம்ப்ளக் என்ற வீட்டுமனை முகவர், வீடு காட்டப் போகிறேன் என்று அலுவலகத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனவர் திரும்பவேயில்லை. தனியாக வெளியே போய் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பைப் பற்றி அந்த நாடு யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. சூசியின் பெயரில் பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் அதற்கான பயிற்சிகளை நடத்துகிறது. புரபேஷன் அலுவலகத்தில் வெள்ளைப் பலகை ஒன்று மாட்டினார்கள். யார் எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று அதில் எழுத வேண்டும். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். குறிப்பிட்ட ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி அது எங்கே இருக்கிறது என்று இவர் கேட்டால், பொலிஸை அனுப்பு என்று அர்த்தம்.

பயந்து வீட்டுக்குப் போகாமலே இருந்துவிடலாம். போனால்தான் சில விஷயங்கள் தெரியும். குழந்தைகளோடு தனியே இருக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கப்பட்ட ஒருவனுடைய ஃப்ளாட். மழை நாள். கதவைத் திறந்தான், மரியாதையாக உள்ளே வரச் சொன்னான். வாசலில் அவனுடைய பெரிய பூட்ஸ் ஒரு சோடி. அதற்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, உள்ளங்கையளவு ரப்பர் செருப்பு ஒரு சோடி, சிவப்பு நிறம், இன்னும் ஈரம். ஃப்ளாட்டில் சத்தமே இல்லை. அவர் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று வேலை விஷயம் இரண்டு வார்த்தை கேட்டார், அடுத்த சந்திப்பு நாளைச் சொன்னார், படியிறங்கினார். தெருமுனையில் நின்று பொலிஸுக்கும் சிறுவர் நலப் பிரிவுக்கும் பேசினார். அவர்கள் அரை மணிக்குள் வந்தார்கள். புதிதாகப் பழக்கமான ஒரு பெண்ணின் பிள்ளை. தாய் கடைக்குப் போயிருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

2001இல் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. உள்ளூர்க் குழுக்களின் கையிலிருந்த புரபேஷன் தேசிய சேவையானது. ஆபத்தான குற்றவாளிகளைப் பற்றிப் பொலிஸும் புரபேஷனும் ஒரே மேசையில் உட்கார்ந்து தகவல் பகிர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. சிறைத்துறையும் பின்னர் அதில் சேர்ந்தது. இந்த ஏற்பாட்டை ‘மாப்பா’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதுவரை பொலிஸிடமிருந்து ஒரு தகவல் வாங்க ஆளைப் பிடித்துக் கெஞ்ச வேண்டியிருந்தது. தன் பணிக்காலத்தில் வந்த மாற்றங்களில் சந்தேகமில்லாமல் நல்லது என்று அவர் சொல்வது இது ஒன்றைத்தான்.

அந்த ஆண்டுகளில்தான் லண்டன் தமிழ் இளைஞர்களின் கோஷ்டிச் சண்டைகளும் செய்தித்தாளுக்கு வந்தன. வாள், கத்தி, கடத்தல். இரண்டு கோஷ்டிகளிலிருந்தும் ஆட்கள் ஒரே அலுவலகத்துக்கு வந்தார்கள். காத்திருக்கும் இடமோ ஒன்றுதான், பிளாஸ்டிக் நாற்காலிகளோடு. செவ்வாய்க்கிழமை ஒரு கோஷ்டி, வியாழன் மற்றது என்று பிரித்தார்கள். அதுவும் போதவில்லை, யாருக்கு எந்த நாள் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்துவிட்டது, பஸ் தரிப்பில் நின்றார்கள். கடைசியில் நேரத்தை வாராவாரம் மாற்றி, போகும்போது பின்வாசலால் அனுப்பினார்கள். அலுவலகத்துக்குள் ஒரு அடிதடியும் நடக்கவில்லை என்பதில் அவருக்கு இன்னமும் ஒரு பெருமை உண்டு.

அந்தப் பெடியன்கள் முதலில் அவரை “அக்கா” என்றார்கள். சில ஆண்டுகளில் “அன்ரி” ஆகிவிட்டார். தெரிந்த குடும்பத்துப் பிள்ளை என்றால் கோப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அப்படிக் கொடுத்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அங்கே ஒரு சிக்கல். ஓர் இளைஞன் வாரக்கணக்காக வாயே திறக்கவில்லை. ஒத்துழைக்க மறுக்கிறான் என்று வெள்ளைக்கார அதிகாரி அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டார். தாழ்வாரத்தில் இவரைக் கண்டதும் பெடியன் மெதுவாகச் சொன்னான்: “அன்ரி, அந்த அண்ணை எங்கட கோயில் ஆள். அவருக்கு முன்னால நான் என்னத்தைக் கதைக்கிறது? ஞாயிற்றுக்கிழமை அம்மாவின்ர காதுக்குப் போயிடும்.” மொழிபெயர்ப்பாளர் நேர்மையான மனுஷன், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பையனுக்கு அந்த அறையில் கதவு திறந்தே கிடந்தது. வேறு நகரத்திலிருந்து தொலைபேசி வழியாக ஒருவரைப் போட்டதும் பேசினான். கோஷ்டியிலிருந்து விலக நினைப்பதையும், விலகினால் யார் வெட்டுவார்கள் என்பதையும் சொன்னான்.

அடுத்த பெரிய மாற்றம் 2014இல்.

நீதி அமைச்சராக இருந்த கிறிஸ் கிரேலிங் புரபேஷனை இரண்டாகப் பிளந்தார். அதிக ஆபத்துள்ளவர்கள் அரசுச் சேவைக்கு. மற்றவர்கள் 21 நிறுவனங்களுக்கு. அந்த நிறுவனங்கள் 2015இல் தனியார் கைக்குப் போயின. ஓராண்டுக்கும் குறைவான தண்டனை பெற்று வெளியே வருகிறவர்களும் இனி மேற்பார்வைக்கு வர வேண்டும் என்று சட்டம் மாறியதால் ஆண்டுக்குப் பத்தாயிரக் கணக்கில் ஆட்கள் கூடினார்கள். அலுவலகத்தில் யார் எந்தப் பக்கம் என்று பட்டியல் ஒட்டினார்கள். இவர் பெயர் தனியார் பக்கம் விழுந்தது.

செங்கல் கட்டடம் போயிற்று. புதிய இடம் பளிச்சென்று இருந்தது. பச்சைக் கம்பளம், வண்ண வண்ணச் சோபா, சுவரில் ஊக்க வாசகங்கள். அறைகள்தான் இல்லை. தோளுயரத் தடுப்புகளால் பிரித்த கூண்டுகள் வரிசையாக இருந்தன, சலூன் மாதிரி. வரவேற்பு மேசையும் இல்லை. அம்மாவை முன்பே அனுப்பிவிட்டார்கள். திறந்த வெளியாக இருந்தால் யாரும் அடிக்கத் துணிய மாட்டார்கள், ஊழியர்களுக்குப் பாதுகாப்பு என்று விளக்கம் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது என்கிறார் அவர். அவரை யாரும் அங்கே அடிக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை.

ஒரு பிற்பகல், ஐம்பது வயதுக்காரர் ஒருவர். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு. எப்போதிருந்து குடிக்கிறீர்கள் என்று இவர் கேட்டார். பையனாக இருந்தபோது விடுதியில் ஒரு ஆள், என்று தொடங்கினார் அவர். பக்கத்துக் கூண்டில் ஒருவன் வீட்டு வாடகைப் படிவத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான்; நடுவில் நிறுத்திச் சிரித்தான். எதற்குச் சிரித்தானோ தெரியாது. இவருக்கு எதிரே இருந்தவர் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார், பிறகு, “ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்றார். பிறகு எப்போது கேட்டாலும் அதே பதில்தான்.

கூண்டுக்கும் வராதவர்களைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் புரபேஷன் ஆய்வகத்தின் தலைவராக இருந்த கிளெனிஸ் ஸ்டேசி 2017 டிசம்பரில் வெளியிட்ட ஆண்டறிக்கை நாட்டையே திடுக்கிட வைத்தது. ஒரு நிறுவனத்தில் 40 சதவீதம் பேர், முதல் சந்திப்புக்குப் பிறகு ஆறு வாரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்போடு சரி. பேச்சு பக்கத்தாருக்குக் கேட்கிற இடங்களில் நேர்காணல் நடப்பதையும் ஆய்வாளர்கள் பல நிறுவனங்களைப் பற்றிய அறிக்கைகளில் குறித்தார்கள். இவருக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அறையைப் பற்றி அரசாங்க ஆவணம் ஒன்று கவலைப்பட்டதைப் படிக்க நன்றாக இருந்தது என்கிறார். 2019 பிப்ரவரியில் வேல்ஸையும் தென்மேற்கு இங்கிலாந்தையும் பார்த்துவந்த வொர்க்கிங் லிங்க்ஸ் நிறுவனம் திவாலானது. ஒப்பந்தங்களைத் தாங்கிப் பிடிக்கவும் முன்கூட்டியே முடித்துக்கொள்ளவுமாக அரசுக்குக் குறைந்தது 467 மில்லியன் பவுண்டு கூடுதல் செலவு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் அடுத்த மாதம் கணக்குச் சொன்னது. 2021 ஜூன் 26ஆம் தேதி எல்லாம் மறுபடி ஒரே அரசுச் சேவைக்குள் வந்தது. ஆட்கள் திரும்பி வந்தார்கள்; விட்டுக்கொடுத்த கட்டடங்கள் எல்லாம் திரும்பி வரவில்லை.

அதற்கு முன் 2019 நவம்பர் 29. இடத்தைப் பற்றிய பேச்சு ஃபிஷ்மாங்கர்ஸ் ஹால் என்ற பெயர் இல்லாமல் முடியாது. லண்டன் பாலத்தருகே உள்ள பழைய அழகான மண்டபம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, கைதிகளும் மாணவர்களும் சேர்ந்து படிக்கும் திட்டம் ஒன்றின் ஐந்தாண்டு நிறைவு விழா. பயங்கரவாத வழக்கில் தண்டனை பெற்று, நிபந்தனையோடு விடுதலையாகி ஸ்டாஃபர்டில் இருந்த உஸ்மான் கான் தனியாக ரயிலேறி வந்தான். வாசலில் சோதனை இல்லை. உள்ளே ஜாக் மெரிட், சஸ்கியா ஜோன்ஸ் என்ற இரண்டு இளைஞர்களைக் குத்திக் கொன்றான். அவனைக் கண்காணித்த அமைப்புகளின் குறைகளையும், விழா இடத்தின் பாதுகாப்புக் குறைகளையும் 2021இல் மரண விசாரணை நடுவர்கள் எடுத்துச் சொன்னார்கள். மாப்பாவின் உயர்ந்த மட்டக் கண்காணிப்பில் இருந்தவன் அவன்.

இதைப் பேசும்போது அவர் நிதானமாகிறார். அன்று கானை எதிர்த்து நின்றவர்களில் ஸ்டீவன் கேலண்ட் என்பவரும் ஒருவர். கொலை வழக்கில் தண்டனை அனுபவித்துக்கொண்டே ஒருநாள் விடுப்பில் விழாவுக்கு வந்திருந்தவர். ஒரே மண்டபம், ஒரே திட்டம். கைதிகளை இனி எந்த மண்டபத்துக்கும் விடாதீர்கள் என்று அன்று கூச்சலிட்டவர்களுக்கு இந்த விவரம் வசதியாக இல்லை என்கிறார். அவருடைய கேள்வி வேறு: ஆளைத் தெரிந்தவர்கள் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தார்களா? வாசல் எது, கழிப்பறை எது, பையை யார் பார்ப்பார் என்று கேட்டார்களா? சின்ன அறையில் சாம்பல் கிண்ணத்தைக் கூட மாற்றிய தொழில் இது.

கொரோனா வந்து எல்லா அறைகளையும் மூடிற்று. தொலைபேசி, வாசற்படியில் நின்று இரண்டு மீட்டர் தள்ளிப் பேச்சு, பூங்கா நடை. பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டே பேசும்போது சில இளைஞர்கள் அறையில் பேசாததைப் பேசினார்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? அதை அவர் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்கிறார். பெண்களோடு தொலைபேசிதான் ஆபத்து. யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று தெரியாது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய விதமாகக் கேள்விகளை அடுக்கிக்கொண்டார். ஒருத்தி எல்லாவற்றுக்கும் ஆம் என்றாள், நீங்கள் ஆண்பிள்ளையா என்று கேட்டபோதும். உடனே பொலிஸை அனுப்பினார்.

அவர் ஓய்வுபெற்ற சமயத்தில், 2022 ஜூனில், இல்ஃபர்டில் ஜாரா அலீனா என்ற சட்டப் பட்டதாரி வீட்டுக்கு நடந்து போகும்போது கொல்லப்பட்டார். கொன்ற ஜோர்டன் மெக்ஸ்வீனி சிறையிலிருந்து வந்து ஒன்பது நாள். புரபேஷன் சந்திப்புகளுக்கு வராமல் இருந்தான். நடுத்தர ஆபத்து என்று மதிப்பிட்டிருந்தார்கள். உயர் ஆபத்து என்று இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வகம் பிறகு சொன்னது. திரும்பச் சிறைக்கு அழைக்கும் முடிவும் தாமதமாயிற்று. முடிவு வந்தபோதும் அவன் பிடிபடவில்லை. அந்தத் தெருக்கள் அவருக்குக் காலால் தெரிந்தவை. இதைப் பற்றி நீளமாகப் பேச அவர் விரும்பவில்லை. காகிதத்தில் நடுத்தரம் என்று இருந்தவனை ஓர் அறையில் உட்கார வைத்து ஒருவரும் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

இப்போது நெருக்கடி இன்னும் கூடியிருக்கிறது. சிறைகள் நிரம்பியதால் 2024 செப்டம்பர் 10 முதல் பலரைத் தண்டனையின் 40 சதவீதம் முடிந்ததுமே விடுவிக்கத் தொடங்கினார்கள், முன்பு பாதி. முதல் நாளிலேயே சுமார் 1,700 பேர் வெளியே வந்தார்கள். அவ்வளவு பேரும் ஏதோ ஓர் அலுவலக வாசலுக்கு வர வேண்டும். 2025 கோடையில் பிரஸ்டன் நகரின் புரபேஷன் அலுவலகத்தில் ஓர் ஊழியர் கத்திக்குத்துக்கு ஆளானார். வாசலில் உலோகம் கண்டறியும் கருவி வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. வைக்கட்டும் என்கிறார். விமான நிலையம் மாதிரி ஆகிவிடும் என்று முறையிடும் பழைய சகாக்களோடு அவர் சேரவில்லை. கத்தியை வாசலில் வாங்கிவிட்டால் உள்ளே கதவைச் சாத்துவது சுலபம். ஆனால் சாத்துவதற்கு உள்ளே ஒரு கதவு வேண்டும்.

போன ஆண்டு தமிழ்க் கடை ஒன்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. அந்தத் தெருவில் காலியாக இருந்த கட்டடத்துக்குப் புரபேஷன் அலுவலகம் வரப்போகிறதாம். வேண்டாம் என்று கவுன்சிலுக்கு மனு. “அன்ரி, ஒரு சைன் போட்டுவிடுங்கோ, பள்ளிக்கூடம் பக்கத்தில” என்றார் கடைக்காரத் தம்பி. இவர் தாளை முழுதாக வாசித்தார். பள்ளி பக்கத்தில் இருப்பது நியாயமான கவலைதான்; பள்ளி விடுகிற நேரத்தில் எவரையும் கூப்பிடாமல் அதைச் சமாளித்த அலுவலகங்களில் அவரே இருந்திருக்கிறார். அவர் கையெழுத்துப் போடவில்லை. அதே கவுன்சிலுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார். கதவு சாத்தக்கூடிய அறை எத்தனை? பெண்களுக்கு வேறு வாசல் உண்டா? வரவேற்பில் ஆள் இருப்பாரா, திரைதானா? பள்ளி விடும் நேரத்துக்கு என்ன ஏற்பாடு? உங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு மனு வந்தால் இந்த நாலு கேள்வியையும் எழுதி அனுப்புங்கள் என்பது அவர் வேண்டுகோள். அலுவலகம் வராவிட்டாலும் அங்கே வரவேண்டியவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள்.